சார்ஜ் ஏறாத பேட்டரி

கிணற்று மேட்டில் கிரேன் லீவரைப் பிடிப்பது சகாயசெல்வியின் வேலை. சித்தையன்கோட்டைப் பக்கம் கிணறு வெட்டப் போகிற கோஷ்டிகளில் பெண்கள் கல் அள்ளுவார்கள், மண் கொட்டுவார்கள். ஆளை இரும்புத் தொட்டியில் நிற்க வைத்து எண்பது, தொண்ணூறு அடி ஆழத்துக்கு இறக்கி ஏற்றுகிறவள் அவள் ஒருத்திதான். அந்தத் தொட்டியில் நிற்கிற ஆள் பெரும்பாலும் அவள் புருஷன் ஆரோக்கியதாஸாக இருப்பான். பாறையில் வெடி வைப்பதற்கு முறையாகச் சான்றிதழ் வாங்கியவன். "மத்தவன் பொண்டாட்டி கையில உசுரு இருக்குன்னு பேச்சுக்குச் சொல்வான், எனக்கு நெசமாவே அப்படித்தான்" என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

கிரேனில் இருப்பது ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின். கைப்பிடியை மாட்டிச் சுற்றித்தான் உயிர் கொடுக்க வேண்டும். சுற்றுகிற கை கொஞ்சம் சுணங்கினாலும் கைப்பிடி திருப்பி அடித்துவிடும். போன வருஷம் அப்படி அடித்ததில் செல்வியின் முன்கை வீங்கி ஒரு மாதம் சோற்றைக்கூட இடது கையால்தான் பிசைந்தாள். அதற்குப் பிறகு புருஷன் அவளைக் கைப்பிடி தொட விடவில்லை. ஆனால் ஆரோக்கியதாஸுக்கு ஒரு சட்டம் உண்டு: கீழே வெடிக்கு வயர் இணைக்கிற நேரத்தில் மேலே இன்ஜின் ஓடக்கூடாது. சத்தமில்லாமல் இருந்தால்தான் கூப்பிட்டது கேட்கும், கை தடுமாறாது என்பான். இணைத்து முடித்ததும் இன்ஜினை மறுபடி கிளப்ப மேலே ஓர் ஆண்பிள்ளை காத்துக் கிடக்க வேண்டும். இந்தத் தொந்தரவே வேண்டாமென்று ஈஸ்டர் முடிந்த கையோடு இன்ஜினுக்கு செல்ஃப் ஸ்டார்ட் வைத்தார்கள்.

வயரிங் முழுவதும் செல்விதான் செய்தாள். கல்யாணத்துக்கு முன்னால் திண்டுக்கல்லில் மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை பார்த்தவள். "எலக்ட்ரீசியன் ஒருத்தர வச்சுச் செஞ்சுருவோமே" என்று ஆரோக்கியதாஸ் இழுத்தபோது, "அவரு வந்தாலும் இதைத்தான் செய்வாரு, நடுவுல டீ மட்டும் ரெண்டு வாட்டி கேப்பாரு" என்று வாயை அடைத்துவிட்டாள். இன்ஜினின் கனத்த சக்கரமான ஃப்ளைவீலுக்கு உள்ளே காந்தமும் காயிலும், அதிலிருந்து வரும் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்க ஒரு ரெகுலேட்டர், பிறகு பேட்டரி, பொத்தான். முடித்துவிட்டு மீட்டரை வைத்துப் பார்த்தாள். இன்ஜின் ஓடாதபோது பன்னிரண்டரை வோல்ட். ஓடும்போது பதினாலு. விளக்கைப் போட்டும் பெரிதாக இறங்கவில்லை. அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து ஆரோக்கியதாஸுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிரேன் முழுவதற்கும் பச்சைப் பெயின்ட் அடித்தான். கைப்பிடியைக் கழுவித் துடைத்து வீட்டுப் பரணில் போட்டான்.

அந்த வாரம் ஒட்டன்சத்திரம் பக்கத்தில் பொன்ராஜ் என்பவரின் முருங்கைத் தோட்டத்தில் வேலை. சித்திரை வெயிலில் கிணறு வறண்டு தரை தெரிந்தது. இருபது அடி ஆழப்படுத்த வேண்டும். மேலே நாற்பது அடி வரைக்கும் பழைய கல்படிகள் உண்டு. அதற்குக் கீழே சுவர் வைத்தாற்போல நேர் பாறை. தொட்டி இல்லாமல் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது.

நான்காம் நாள் காலையில் பொத்தானை அமுக்கியபோதே செல்விக்குச் சந்தேகம் தட்டியது. இன்ஜின் முக்கி முனகித்தான் எழுந்தது. ஓட விட்டு மீட்டரை வைத்தாள். பன்னிரண்டுக்குக் கொஞ்சம் மேலே. வேகத்தைக் கூட்டினாள். எண் அசையவில்லை. காயிலிலிருந்து வரும் வயரைக் கழற்றி அதில் வைத்துப் பார்த்தாள். அங்கே கரண்ட் நன்றாக வந்தது. ரெகுலேட்டர் வரைக்கும் வருகிறது, அதைத் தாண்டிப் பேட்டரிக்குப் போகவில்லை.

"ஏங்க, சார்ஜ் ஏறல" என்றாள். "மூணு நாளா பேட்டரியில இருந்து எடுக்க மட்டும்தான் செஞ்சிருக்கோம்போல. ரெகுலேட்டர் போயிருச்சோ என்னமோ."

ஆரோக்கியதாஸ் தலைத்துண்டைக் கட்டிக்கொண்டிருந்தான். கம்ப்ரசர் டிராக்டர் வந்து நின்றுவிட்டது. துளை போட ஆரம்பிக்க வேண்டும். "இன்னைக்கு ஒரு பொழுது தாங்காதா?"

"தாங்கும்னுதான் நெனைக்கிறேன்."

"அப்ப சாயங்காலம் ஒட்டன்சத்திரத்துல புதுசு ஒண்ணு வாங்கிருவோம். இப்ப எறக்கு."

அவள் இறக்கினாள். 'நினைக்கிறேன்' என்று தன் வாயில் வந்த சொல் அவளுக்கே பிடிக்கவில்லை.

மதியத்துக்குள் துளைகள் முடிந்தன. கம்ப்ரசர் டிராக்டர் அடுத்த தோட்டத்துக்குக் கிளம்பிப் போனது. பொன்ராஜ் காய் ஏற்றிய லோடு ஆட்டோவில் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். வெடி வண்டி வந்து மருந்தைக் கொடுத்துவிட்டுப் போனது. ஆரோக்கியதாஸும் அவன் கூட்டாளி சடையாண்டியும் துளைகளில் மருந்து அடைத்தார்கள். சடையாண்டியை முதலில் மேலே ஏற்றி, வண்டிப்பாதையில் யாரும் வராமல் மறிக்க அனுப்பினாள் செல்வி. அவர் சிவப்புத் துணியை ஆட்டிக்கொண்டு முருங்கை மரங்களுக்கு நடுவே நடந்து மறைந்தார். ஆரோக்கியதாஸ் கீழே வயர்களை இணைக்கத் தொடங்கினான். வழக்கம்போல அவள் இன்ஜினை நிறுத்தினாள்.

நிறுத்திய பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. தெற்கே மலைக்குப் பின்னால், யாரோ காலி டிரம்மை உருட்டுவதுபோல. நிமிர்ந்து பார்த்தாள். காலையில் வெளுத்துக் கிடந்த வானத்தில் மலை உச்சிக்கு மேல் ஒரு கருப்பு எழும்பி நின்றது.

வெடி வயரோடு சேர்ந்த கிணற்றில் இடி என்ன செய்யும் என்று இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். கிணற்றில் விழ வேண்டும் என்றுகூட இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் விழுந்தாலே போதும், மருந்து வெடித்துவிடும்.

"ஏங்க! மேகம் கூடுது! முடிச்சது போதும், வாங்க!"

"ஆச்சு, ஆச்சு!" கீழிருந்து குரல் சுவரெல்லாம் மோதி மேலே வந்தது. "கடைசி முடிச்சு... ம், சரி. தூக்கு!"

அவள் பொத்தானை அமுக்கினாள்.

டிக்.

மறுபடி அமுக்கினாள். டிக். இன்ஜின் ஒரு சுற்றில் பாதிகூடத் திரும்பவில்லை. மூன்றாவது தடவை அந்த டிக்கும் மெலிந்துவிட்டது. அவள் விரலை எடுத்துக்கொண்டாள். இனி அமுக்கினால் மிச்சமிருப்பதும் போய்விடும்.

"என்ன செல்வி?"

"செல்ஃப் எடுக்கல. செத்த இருங்க."

"கைப்பிடிய..." என்று ஆரம்பித்தவன் தானே நிறுத்திக்கொண்டான். கைப்பிடி எங்கே கிடக்கிறது என்று இருவருக்கும் தெரியும்.

மலை மேல் மின்னியது. செல்வி தன்னை அறியாமலே 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கினாள். மந்திரம் முழுவதும் முடிந்து ஆமென் சொன்ன பிறகுதான் இடி கேட்டது. தூரத்தில்தான் இருக்கிறது.

"இடியா அது?" கீழே நின்றவனுக்கு ஒரு வட்டம் வானம் மட்டும்தான் தெரியும். அந்த வட்டம் இன்னும் நீலமாகத்தான் இருந்தது.

"மலைக்கு அங்கிட்டு" என்றாள். அது பொய் இல்லை. "வயர் நுனிய ஒண்ணா முறுக்கி வச்சுட்டீங்களா?"

"முறுக்கிட்டேன். தொட்டியில ஏறி நிக்கிறேன்."

அவள் கைகளை வாயருகே குவித்து, "சடையாண்டியண்ணே! ஓடியாங்கண்ணே!" என்று கத்தினாள். பிறகு கம்ப்ரசர்காரருக்கு போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. துளை போடுகிற இரைச்சலில் அவருக்கு எங்கே கேட்கும். சாமான் இறக்குகிற நைலான் கயிற்றைப் பார்த்தாள். பாறை விளிம்பில் உரசி உரசிப் பாதி நாராகிக் கிடந்தது. அவன் கீழிருந்தே அவள் நினைப்பதைக் கண்டுகொண்டான்.

"அந்தக் கயித்தத் தொடாத. நம்ப முடியாது."

"தொடல. நீங்க பேசாம நில்லுங்க."

பேட்டரியில் மீட்டரை வைத்தாள். பதினொன்றுக்குச் சற்று மேலே. அவளுக்கு ஒன்று தெரியும்: இன்ஜின் தலையில் ஒரு சின்ன லீவர் இருக்கிறது. அதைத் தூக்கிப் பிடித்தால் உள்ளே அழுத்தம் நிற்காது. ஃப்ளைவீல் லேசாகச் சுற்றும். வேகம் பிடித்ததும் லீவரை விட்டால் டீசல் பற்றி இன்ஜின் ஓடத் தொடங்கும். பேட்டரிக்குக் கொஞ்சம் உயிர் வந்தால் போதும், அந்த லீவரை வைத்து எழுப்பிவிடலாம். அந்தக் கொஞ்சத்துக்கு எங்கே போவது?

சடையாண்டி மூச்சிரைக்க ஓடி வந்தார். அவரையும் மரத்தடியில் நின்ற அவர் பைக்கையும் கண்டதும் வழியும் தெரிந்தது.

"அண்ணே, உங்க வண்டிய இங்க கொண்டாங்க. பேட்டரிப் பக்க மூடியக் கழட்டுங்க. வண்டி ஓடட்டும், அதுல வர்ற சார்ஜ இதுக்குக் குடுப்போம்."

"தங்கச்சி, அதுல வர்றது ரொம்பக் கம்மியாச்சே."

"கம்மிதான். வேற இல்லையே."

முதலில் வெடி வயரின் மேல்முனையை எடுத்தாள். அதுவும் எங்கிருந்தும் கரண்ட் பாயாதபடி முறுக்கித்தான் இருந்தது. இருந்தாலும் கிரேனுக்குப் பக்கத்தில், பேட்டரி வயர்களோடு அது கிடப்பதை அவளால் பார்க்க முடியவில்லை. குழந்தையை ஏந்துவதுபோல இரண்டு கையிலும் ஏந்தி, வயர் எட்டுகிற மட்டும் தள்ளிக் கொண்டுபோய், காய்ந்த பலகை மேல் வைத்துவிட்டு வந்தாள். திரும்பும்போது மின்னியது. மந்திரத்தில் 'பெண்களுக்குள்' வரை வந்திருந்தாள், இடி இடித்துவிட்டது.

கிரேனின் விளக்குக்கு இழுத்திருந்த வயரை அறுத்து இரண்டாகப் பிரித்தாள். ஒன்றைப் பைக் பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து கிரேன் பேட்டரியின் பிளஸ்ஸுக்குக் கட்டினாள். மற்றது நீளம் பற்றவில்லை. மைனஸ் முனைக்கு ஒரு முழம் குறைந்தது. பரவாயில்லை, கிரேனின் இரும்புச் சட்டமே மைனஸ்தானே. சட்டத்தில் ஒரு போல்ட்டில் சுற்றி இறுக்கினாள். சடையாண்டி பைக்கை உதைத்து ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். பைக் அலறியது. செல்வி மீட்டரைப் பார்த்தாள்.

எண் அப்படியே இருந்தது.

"இன்னும் முறுக்குங்கண்ணே!"

"முறுக்கிட்டுத்தான்மா இருக்கேன்!"

கீழிருந்து ஆரோக்கியதாஸ் ஏதோ கேட்டான். பைக் சத்தத்தில் விளங்கவில்லை. முதல் காற்று வந்து முருங்கை இலைகளை வாரி இறைத்தது. மண் வாசனை அடித்தது. கடையில் இருந்த காலத்தில் கோளாறு பிடிபடாவிட்டால் காயிலைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்து வருவாள். இங்கே வைத்துவிட்டு எங்கே போவது? ஒரு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மீட்டரின் கருப்பு முனையைப் பேட்டரி மைனஸிலிருந்து எடுத்துச் சட்டத்தின் மேல் வைத்தாள். எண் நிலையில்லாமல் தாவியது. அழுத்தி வைத்தாள். அப்போதும் தாவியது. முனைக்குக் கீழே பச்சை நிறம் பளபளத்தது.

பெயின்ட்.

அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. இரண்டு கோட்டிங் அடித்திருக்கிறான். ரெகுலேட்டரைக் கழற்றி, அடியில் விட்டுப்போகக் கூடாதென்று அங்கேயும் அடித்து, காய்வதற்குள் மேலே வைத்து முடுக்கியிருக்கிறான். ரெகுலேட்டருக்கு எர்த்து, அதாவது மைனஸ், அதன் உடம்பு வழியாகத்தான். இரும்பைத் தொடாத ரெகுலேட்டர் யாருக்குச் சார்ஜ் ஏற்றும்? அவன் மேல் கோபம் பொங்கியது. பெயின்ட் அடித்த பிறகு ஒரு தரம் மீட்டரை வைத்துப் பார்க்காத தன் மேலும் பொங்கியது. கோபப்பட நேரம் இல்லை.

ஸ்பேனரின் விளிம்பால் சட்டத்தைச் சுரண்டினாள். பச்சை சுருள் சுருளாக வந்தது. அடியில் பழைய சிவப்பு. அதற்கும் அடியில் வெள்ளை இரும்பு. வயர் நுனியை அதில் அழுத்தியதும் பொறி தெறித்தது. பைக்கின் அலறல் சட்டென்று கனத்து இறங்கியது, சுமை ஏற்றியதுபோல.

"இழுக்குது தங்கச்சி!" சடையாண்டி கத்தினார்.

மீட்டரில் எண் அசைந்தது. பன்னிரண்டு. பன்னிரண்டு ஒன்று.

உடனே பொத்தானை அமுக்கிவிடத் துடித்த விரலை அவள் அடக்கினாள். இப்போது அமுக்கினால் ஏறின கொஞ்சமும் ஒரு டிக்கில் போய்விடும். பொறுக்க வேண்டும். கிணற்றோரம் போய் எட்டிப் பார்த்தாள். ஆரோக்கியதாஸ் தொட்டியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான். அவனுக்குத் தெரிந்த வட்ட வானமும் இப்போது கருத்துவிட்டிருந்தது. அவன் முகம் அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

"செல்வி."

"ம்."

"ஒண்ணும் இல்ல. கூப்புட்டேன்."

"இந்தா வந்துருச்சு. சார்ஜ் ஏறுது. கம்பிய விட்றாதீங்க."

மின்னல் இந்த முறை மலையில் இல்லை. பக்கத்து ஊர்ப் பனைகளுக்கு மேலே கிளை விரித்தது. 'அருள் நிறைந்த' என்பதோடு இடி வந்து விழுந்தது. சடையாண்டி ஆக்ஸிலேட்டரை விடாமல் கண்ணை மூடிக்கொண்டார். பைக் இன்ஜினிலிருந்து சூடான ஆயில் வாடை வந்தது. இனிப் பொறுப்பதற்கு இல்லை.

அவள் இடது கையால் இன்ஜின் தலையிலிருந்த லீவரைத் தூக்கிப் பிடித்தாள். வலது கையால் பொத்தானை அமுக்கினாள். ஃப்ளைவீல் சோம்பலாக அசைந்தது. சுற்றியது. இன்னொரு சுற்று. புஸ் புஸ் என்று காற்று வெளியேறியது. சுற்று சூடு பிடித்தது. இப்போது விடலாமா? இன்னும் ஒன்று. இன்னும் ஒன்று. பேட்டரி இறங்குவது அவள் காதுக்கே கேட்டது. லீவரை விட்டாள்.

இன்ஜின் ஒரு தரம் தும்மி, நிற்கப் போவதுபோலத் தயங்கி, மறுபடி தும்மியது. புகைக்குழாயில் கரும்புகை கொப்பளித்தது. பிடித்துக்கொண்டது.

கிரேன் கம்பி இறுகி, தொட்டி தரையை விட்டு எழுந்தது. வேகமாகத் தூக்கினால் தொட்டி ஆடிப் பாறையில் மோதும். மெல்லத் தூக்க நேரம் இல்லை. கண்ணைக் கம்பியிலிருந்து எடுக்காமல், இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகத்தைக் கையாலேயே கண்டுபிடித்துத் தூக்கினாள். துண்டு கட்டிய தலை விளிம்புக்கு மேல் வந்தது. தோள் வந்தது. சடையாண்டி எட்டி அவன் கையைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார். மூன்று பேரும் பம்ப் ரூமுக்கு ஓடினார்கள்.

பெரிய பெரிய துளிகள் தகரக் கூரையில் விழ ஆரம்பித்தன. சடையாண்டி பீடி பற்ற வைக்கப் பார்த்து, மூன்று குச்சியை வீணாக்கினார். ஆரோக்கியதாஸ் சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாயைத் துடைத்தான். வழக்கமான சிரிப்பை முகத்தில் கொண்டுவரப் பார்த்தான்.

"ஆனாலும் ரொம்பத்தான் பயந்துட்டோம். இடி எங்கிட்டோ விழுது. மழை விட்டதும் நாமளே வெடிய..."

வெளியே எல்லாம் வெள்ளையாகிப் போனது. இடி கேட்டதா, இல்லை அதற்கு முன்பே நிலம் அதிர்ந்ததா என்று செல்வியால் பிறகு எப்போதும் சொல்ல முடியவில்லை. கிணற்றின் வாயிலிருந்து புகையும் கல்லும் பீறிட்டு எழுந்தன. தகரத்தில் சரளைக் கற்கள் சடசடவென்று கொட்டின. மண்டிக் கிடந்த வெடிப் புகை மழையில் நனைந்து அவர்கள் இருந்த அறைக்குள்ளும் வந்தது.

ஆரோக்கியதாஸின் வாய் திறந்தபடி இருந்தது. அவன் மெல்லக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

பாதையில் லோடு ஆட்டோ ஒன்று சேற்றில் வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. பொன்ராஜ் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு இறங்கி ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஏனுங்க, ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வெடிக்கறதில்லீங்களா? நான் பாட்டுக்குப் பாதையில வந்துட்டு இருக்கறேன். மறிக்கறதுக்கு ஒரு ஆளைக் காணோம். கல்லு ஒண்ணு மண்டையில விழுந்திருந்தா என்னாகறதுங்க?"

அவர் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். செல்வி சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, சத்தமே வராமல் அழுதுகொண்டிருந்தாள். பொன்ராஜ் தலையிலிருந்த சாக்கை எடுத்துவிட்டு, "என்னாச்சுங்க?" என்றார், வேறு குரலில்.

மறுநாள் விடியற்காலையில் பரணிலிருந்த கைப்பிடியை எடுத்துக்கொண்டுதான் தோட்டத்துக்கு வந்தார்கள். வந்ததும் ஆரோக்கியதாஸ் தானே ரெகுலேட்டரைக் கழற்றி, உப்புத்தாளை எடுத்து அடிப்பக்கத்தைத் தேய்க்க உட்கார்ந்தான். அவன் தேய்ப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு செல்வி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அழகா இருக்கட்டும்னு அடிச்சேன்" என்றான் அவன், தலையைத் தூக்காமல்.

"அடிச்ச அன்னைக்கே நான் மீட்டர வச்சுப் பாத்திருக்கணும். நேத்துக் காலையிலயும் எறக்க மாட்டேன்னு சொல்லியிருக்கணும்." அவள் உப்புத்தாளை வாங்கிச் சட்டத்துப் பக்கத்தைத் தேய்த்தாள். இரும்பு தெளிந்ததும் ரெகுலேட்டரை வைத்து முடுக்கினாள். அதன் உடம்பிலிருந்து பேட்டரி மைனஸுக்குத் தனியாக ஒரு தடித்த வயரையும் இழுத்தாள். இனிச் சட்டத்தை நம்புவதாக இல்லை. நேற்று அறுத்த விளக்கு வயருக்குப் பதிலாகப் புதிது போட்டாள்.

கைப்பிடி போட்டு ஆரோக்கியதாஸ் இன்ஜினைக் கிளப்பினான். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற விட்டு, அதற்குள் டீ குடித்தார்கள். பிறகு அவன் தொட்டியில் ஏறி நின்றான். வெடித்துச் சிதறிக் கிடக்கும் கல்லைப் பார்க்க வேண்டும். வெடிக்காத மருந்து எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று அவன்தான் முதலில் இறங்கித் தேட வேண்டும். வேறு யாரையும் அனுப்ப முடியாது.

"எவ்வளவு காட்டுது?"

"பதினாலு."

"அப்ப எறக்கு."

அவள் இறக்கவில்லை. இன்ஜினை நிறுத்தினாள். தோட்டம் நிசப்தமானது. பொத்தானை அமுக்கினாள், இன்ஜின் எழுந்தது. மீட்டரைப் பார்த்தாள். மறுபடி நிறுத்தினாள். மறுபடி கிளப்பினாள். வரப்பில் நின்ற பொன்ராஜ், "ஏம்மா, இன்னும் ஏதாச்சும் கோளாறா?" என்று கேட்டார். அவள் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. விளக்கைப் போட்டுப் பார்த்தாள், அணைத்துப் பார்த்தாள், இன்னொரு தடவை நிறுத்தினாள்.

ஆரோக்கியதாஸ் கிணற்றுக்கு மேலே தொங்கும் தொட்டியில் கம்பியைப் பிடித்தபடி பொறுமையாக நின்றுகொண்டிருந்தான். அவசரப்படுத்தவில்லை.

அவள் மீட்டரைப் பெட்டி மேல், கண்ணுக்கு நேராக வைத்துக் கட்டினாள். இன்ஜினைக் கிளப்பி, கிரேன் லீவரில் கை வைத்தாள்.